ஃபோகஸ் எந்த விரலுக்கு? மிரர்லெஸ்ஸில் பேக் பட்டனும் அதன் மாற்றுகளும்

மிரர்லெஸ் கேமரா வாங்கிய செய்தி வெளியே தெரிந்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “முதல் வேலையா பேக் பட்டன் ஃபோகஸ் போட்டுடுங்க.” அதாவது, ஃபோகஸ் பிடிக்கும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்து, கேமராவின் பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் பட்டனுக்குக் கொடுப்பது. ஏன் என்று கேட்டால் வரும் விளக்கம் பெரும்பாலும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகை கேமரா) காலத்து விளக்கம். அதில் பாதி இன்றைக்குச் செல்லாது. மீதிப் பாதியோ முன்பைவிட இப்போதுதான் கூடுதலாகப் பயன்படுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பலர் ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிடுங்கிவிடுகிறார்கள்; சில வாரம் தடுமாறிவிட்டுப் பழையபடியே மாற்றிவைத்துவிடுகிறார்கள்.

நான் எடுப்பது பெரும்பாலும் பறவைகள், அவ்வப்போது கல்யாணம். உதாரணங்களும் அங்கிருந்தே வரும். வீடியோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதைத் தொடவில்லை.

பழைய காரணமும் புதிய காரணமும்

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுக்க அழுத்தினால் படம். கடையிலிருந்து வரும் எல்லா கேமராவும் இப்படித்தான் வருகிறது. இந்த இரண்டு வேலையையும் பிரித்து ஃபோகஸை மட்டும் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுக்கும் வசதியைக் கேனான் 1989-இலேயே ஈஓஎஸ் 630 என்ற ஃபிலிம் கேமராவில் தந்தது. விளையாட்டும் செய்தியும் எடுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு மற்றவர்களுக்கும் பரவியது.

டிஎஸ்எல்ஆரில் அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஃபோகஸ் புள்ளிகள் ஃபிரேமின் நடுவே குவிந்திருக்கும். கேனான் 5டி மார்க் 2-இல் தேர்ந்தெடுக்கக் கிடைத்தவை 9 புள்ளிகள். 6டி-யில் 11, அதிலும் நடுப்புள்ளி ஒன்று மட்டுமே கிராஸ் வகை (குறுக்கும் நெடுக்குமாக அளப்பதால் கூடுதல் துல்லியமானது). வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் நம்பக்கூடியது அந்த ஒன்றுதான். ஆகவே நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து, ஃபோகஸை அங்கேயே நிறுத்தி, கேமராவைத் திருப்பி ஃபிரேமை அமைத்துக்கொள்வார்கள். ஃபோகஸ் ஷட்டர் பட்டனிலேயே இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கட்டைவிரலில் இருந்தால் ஒருமுறை போதும். நிற்பதற்கு ஒன் ஷாட் (ஒருமுறை ஃபோகஸ்), ஓடுவதற்கு செர்வோ (தொடர் ஃபோகஸ்) என்று மோடு மாற்றும் தொல்லையும் ஒழிந்தது. எப்போதும் செர்வோவில் வைத்துவிடலாம், கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை தொடரும், எடுத்தால் நின்றுவிடும்.

மிரர்லெஸ்ஸில் முதல் காரணம் போய்விட்டது. சோனி ஏ7 மூன்றாம் பதிப்பிலேயே 693 ஃபேஸ் டிடெக்‌ஷன் (ஃபோகஸ் அளக்கும்) புள்ளிகள் ஃபிரேமில் ஏறக்குறைய 93 சதவீதத்தை நிறைத்துவிட்டன. முகம் மூலையில் இருந்தாலும் கேமரா கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. எஃப் 1.4-இல் (லென்ஸை அகலத் திறந்து, கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவாக இருக்கும்போது) ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பினால் ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்பி, கண் மங்கலாகி, காது கூர்மையாகிவிடும். ‘ஃபோகஸ் பண்ணிட்டு ரீகம்போஸ் பண்ணலாம்’ என்பதற்காக மட்டும் யாராவது பேக் பட்டனைச் சிபாரிசு செய்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு தேவைகள். ஃபோகஸை நினைத்த நொடியில் நிறுத்துவது ஒன்று. வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவகை ஃபோகஸிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுவது மற்றொன்று. உங்கள் படங்களில் இந்த இரண்டில் எது அடிக்கடி தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

வந்தபடியே விட்டுவிடுவது

குழந்தைகள், குடும்பம், ஊர்சுற்றல், தெருப் படங்கள் என்று எடுப்பவருக்குக் கடையிலிருந்து வந்த அமைப்பே போதும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் ‘இன்னும் ப்ரோ ஆகலையா’ என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். ஏஎஃப்-சி மோடு (தொடர் ஃபோகஸ், கேனான் செர்வோ என்பது இதைத்தான்), முகம் மற்றும் கண் கண்டறிதல் ஆன், ஏரியா, அதாவது ஃபோகஸ் தேடும் பரப்பு, அகலமாக. இவ்வளவு வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஓடிவரும் குழந்தையின் கண்ணைக் கேமரா விடாது. கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்குக்கும் டயலுக்கும் ஓய்வாகக் கிடைக்கிறது.

எங்கே உதைக்கும்? கண்டறிதலுக்கும் பொருளுக்கும் நடுவே ஏதாவது புகும்போது. தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டுகிறது, நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஓமப்புகை எழும்புகிறது, சித்தப்பா ஒருவரின் நீட்டிய கை லென்ஸுக்கு இரண்டடி முன்னால் வந்து நிற்கிறது. ஏஎஃப்-சி தொடர்ந்து ஃபோகஸ் தேடிக்கொண்டேதான் இருக்கும். பத்துப் படத்தில் எட்டு சரியாக வரும், அந்த முடிச்சு விழும் படம் கையில் ஃபோகஸாகி நிற்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்திலிருந்து நகரவே இல்லை, தூரம் மாறவே இல்லை. அந்த நேரத்தில் கேமரா புதிதாக எதையும் தேடாமல் இருந்தாலே போதும்.

ஷட்டரிலிருந்து ஃபோகஸை முழுக்க எடுத்துவிடுவது

பேக் பட்டன் ஃபோகஸ் என்று பலரும் சொல்வது இதைத்தான். பின்பக்கம் இருக்கும் ஏஎஃப்-ஆன் என்ற ஃபோகஸ் பட்டனை அழுத்தினால் மட்டுமே ஃபோகஸ். ஷட்டரைப் பாதி அழுத்தினால் கேமரா வெளிச்சத்தை மட்டும் அளக்கும்.

அமைக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சோனியில் ‘ஏஎஃப் வித் ஷட்டர்’ என்பதை ஆஃப் செய்தால் முடிந்தது. கேனான் ஆர் வரிசையில் பட்டன்களை மாற்றும் மெனுவுக்குப் போய், ஷட்டர் பாதி அழுத்தத்துக்கு ‘மீட்டரிங் ஸ்டார்ட்’ என்பதை மட்டும் கொடுக்க வேண்டும். நிக்கான் இசட் வரிசையில் கஸ்டம் செட்டிங்ஸின் ஃபோகஸ் பகுதியில் ‘ஏஎஃப் ஆக்டிவேஷன்’ இருக்கும், அதை ‘ஏஎஃப்-ஆன் ஒன்லி’ ஆக்குங்கள். அதன் உள்ளே ‘அவுட் ஆஃப் ஃபோகஸ் ரிலீஸ்’ என்று ஒன்று இருந்தால் எனேபிள் என்றே இருக்கட்டும். இல்லையென்றால் கட்டைவிரலால் ஃபோகஸ் பிடிக்காத நிலையில் ஷட்டர் மறுக்கக்கூடும். ஃபியூஜியில் ‘ஷட்டர் ஏஎஃப்’ ஆஃப். அங்கே ஏஎஃப்-எஸ்ஸுக்கும் (ஒருமுறை ஃபோகஸ்) ஏஎஃப்-சிக்கும் தனித்தனியாக இருப்பதால் இரண்டையும் பாருங்கள். பானசோனிக்கிலும் ‘ஷட்டர் ஏஎஃப்’ என்ற பெயரில்தான் இருக்கிறது.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஃபியூஜியிலும் சோனியின் சில பாடிகளிலும் (லென்ஸ் நீங்கலான கேமரா) ‘ப்ரீ ஏஎஃப்’, கேனானில் ‘ப்ரிவ்யூ ஏஎஃப்’ அல்லது ‘கன்டினியுவஸ் ஏஎஃப்’ என்று ஒன்று உண்டு. எந்தப் பட்டனையும் தொடாதபோதே கேமரா தானாக ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கும் வசதி அது. அதை அணைக்காவிட்டால் கட்டைவிரலை எடுத்த பிறகும் ஃபோகஸ் நகரும். பேக் பட்டன் வைத்ததன் பயனே போய்விடும்.

இனி இது எங்கே சிறக்கிறது என்று பார்ப்போம். பச்சைப் பஞ்சுருட்டான் ஒரு காய்ந்த குச்சியில் உட்காரும், பறந்து போய் ஒரு தும்பியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும். அது உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலால் ஃபோகஸ் பிடித்துவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். பறவை போன பிறகும் ஃபோகஸ் குச்சியிலேயே இருக்கும். திரும்பி வந்து இறக்கையை விரிக்கும் கணத்தில் ஷட்டரை மட்டும் அழுத்தினால் போதும், கேமரா தேட வேண்டிய வேலையே இல்லை. இதையே ஷட்டர் ஃபோகஸில் செய்தால் குச்சி காலியாக இருக்கும்போது பாதி அழுத்தம் பின்னால் இருக்கும் புதருக்குத் தாவிவிடும். திரும்ப அங்கிருந்து குச்சிக்கு வருவதற்குள் பஞ்சுருட்டான் இறக்கையை மடக்கியிருக்கும்.

கோரைக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழிக்கும் இதே கணக்கு. கோரைத் தாள்களின் இடைவெளியில் கண் தெரியும் நொடியில் கட்டைவிரல், பிடித்ததும் விடுதலை. காற்றில் ஒரு தாள் குறுக்கே வந்தாலும் ஃபோகஸ் அதில் போய் உட்காராது.

முன்பு இல்லாத புதுக் காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: முன்பதிவு. ஒலிம்பஸ் 2016-இல் ஈ-எம்1 மார்க் 2-இல் ப்ரோ கேப்ச்சர் என்று கொண்டுவந்தது. ஷட்டரைப் பாதி அழுத்தியிருக்கும்போதே கேமரா படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டே வரும். நீங்கள் முழுக்க அழுத்தும்போது அதற்குச் சற்று முந்தைய படங்களும் கார்டில் எழுதப்படும். நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் ஜேபெக் படங்களாக 1 நொடி வரை பின்னோக்கிக் கிடைக்கிறது. கேனான் ஆர்6 மார்க் 2-இன் ரா பர்ஸ்ட் மோடில் அரை நொடி. பறவை எழும்பும் கணம் நம் கைவேகத்துக்கு அப்பாற்பட்டது என்பதால் இதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபோகஸும் பாதி அழுத்தத்திலேயே இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவை எழும்பக் காத்திருக்கும் நிமிடம் முழுதும் பாதி அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஃபோகஸும் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் பின்னணிக்கு நழுவலாம். இரண்டையும் பிரித்துவிட்டால் ஆள்காட்டி விரல் முன்பதிவைப் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரல் தேவைப்பட்டால் மட்டும் ஃபோகஸைத் தட்டிச் சரிசெய்யும். இப்போது பேக் பட்டனுக்கு இருப்பதிலேயே வலுவான காரணம் இதுதான் என்பேன். முன்பதிவு பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் நடக்கும், மெதுவான சென்சாராக இருந்தால் இறக்கை வளைந்து தெரியும். அது வேறு பிரச்சினை.

விலை என்ன கொடுக்கிறோம்? கட்டைவிரல் ஒன்றுதான். அது ஏஎஃப்-ஆனை அழுத்திக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக்கைத் தொட முடியாது, பின் டயலையும் சுழற்ற முடியாது. ஜாய்ஸ்டிக்கால் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தி நகர்த்தி எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய இழப்பு. கேமராவிடம் ட்ராக்கிங்கை (பொருளைத் தொடரும் வேலையை) ஒப்படைத்துவிடுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது. வெளிச்ச ஈடுகட்டலை (படத்தைக் கூடுதல் வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ உதவுவது) பின் டயலில் வைத்திருப்பவர்கள் அதை முன் டயலுக்கோ லென்ஸ் வளையத்துக்கோ மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வானத்தில் பறக்கும் கூழைக்கடா தாழ்ந்து இருண்ட மரங்களுக்கு முன்னால் வரும்போது அந்த டயல் உடனே தேவைப்படும்.

சோனி 200-600 போன்ற 2 கிலோவைத் தாண்டும் லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தியே வைத்திருப்பது மணிக்கட்டு வரை வலிக்கும். சிறிய பாடிகளில் கேமராவைப் பிடித்திருப்பதே அந்தக் கட்டைவிரல்தான் என்பதால் பிடி தளரும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: முகம் பின்பக்கத்தை முழுக்க மறைத்துக்கொள்ளும், கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் தகராறு.

கேமராவை வேறு ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். “ஒரு போட்டோ எடுங்க சார்” என்று கோயில் வாசலில் யாரிடமாவது நீட்டினால் அவர் ஷட்டரை அழுத்துவார், படம் மங்கலாக வரும். கல்யாண டீமில் அசிஸ்டன்ட்டிடம் பாடி கைமாறும்போதும் இதேதான். செல்ஃப் டைமர், வயர் ரிமோட் இரண்டிலும் பாதி அழுத்தம் ஃபோகஸ் பிடிக்காது. ட்ரைபாடில் வைத்து வாணவேடிக்கை எடுப்பவருக்கு அது வரம், குடும்பப் படத்துக்கு டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய் நிற்பவருக்குச் சங்கடம்.

நிக்கானின் விஆர் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஏஎஃப்-ஆனை அழுத்தினால் மட்டும் அந்த லென்ஸ்கள் சிலவற்றில் விஆர் வேலைசெய்யாது என்று அவற்றின் கையேடுகளே சொல்கின்றன. அவற்றில் ஷட்டரைப் பாதி அழுத்தினால்தான் உள்ளே காட்சி நிலைக்கும். ஆகவே இரண்டு விரலும் வேலைசெய்தாக வேண்டும், பழகிவிட்டால் உறுத்தாது.

இரண்டு பட்டனிலும் ஃபோகஸ், ஆனால் வேறு வேறு விதமாக

என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் முதலில் நான் சொல்வது இதை. ஷட்டரின் பாதி அழுத்தம் ஃபோகஸைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். ஏஎஃப்-ஆன் பட்டனும் பிடிக்கட்டும், ஆனால் வேறு ஏரியாவில். ஒரு விரல் சிறிய புள்ளி, இன்னொரு விரல் முழு ஃபிரேமும் பறவைக் கண்ணும்.

தேவை எப்படி வருகிறது என்றால், முழு ஃபிரேமில் பொருளைத் தேடும் மோடு திறந்த வானத்தில் அபாரமாக வேலைசெய்யும், கிளைகளுக்குள் குழம்பிவிடும். சிறிய புள்ளி நேர்மாறு. கிளைக்குள் உட்கார்ந்த பறவையைத் துல்லியமாகப் பிடிக்கும், அது எழுந்து பறந்தால் புள்ளியை அதன்மேல் வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது, நம் கை அவ்வளவு வேகம் கிடையாது. உட்கார்ந்ததும் பறப்பதும் ஒரே நொடியில் மாறுவதால் மெனுவுக்குப் போக நேரமில்லை.

எந்த விரலுக்கு எது? சிறிய புள்ளியை ஷட்டருக்கும், அகல ட்ராக்கிங்கைக் கட்டைவிரலுக்கும் கொடுங்கள் என்பேன். எதைப் பிடிக்க வேண்டும் என்று கேமராவுக்குக் காட்டுவது சிறிய புள்ளியின் வேலை. காட்டியாயிற்று, இனி நீ பார்த்துக்கொள் என்று ஒப்படைப்பது கட்டைவிரலின் வேலை. நிக்கான் இசட்8, இசட்9 பயன்படுத்துவோர் இந்தக் கைமாற்றத்தைப் பெரிதும் நம்புகிறார்கள். சிறிய ஏரியாவில் பறவையைப் பிடித்த நிலையில் பட்டனை அழுத்தினால் அடுத்த மோடு அதே பறவையிலிருந்து தொடர்கிறது. தலைக்கு மேலே கருப்புவெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது சிறிய புள்ளியில் பிடிக்கலாம், தலைகுப்புற விழ ஆரம்பித்ததும் கட்டைவிரல். விழும் மீன்கொத்தியை நான் இன்னும் திருப்தியாக எடுத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பட்டன் அமைப்பு எல்லாவற்றையும் தந்துவிடாது.

நிக்கானில் பட்டனுக்கு ‘ஏஎஃப்-ஏரியா மோட் ப்ளஸ் ஏஎஃப்-ஆன்’ என்று கொடுக்கலாம். கேனானில் ஏஎஃப்-ஆனுக்கு ‘மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்’ கொடுக்கும் திரையிலேயே பல பாடிகளில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் அந்தப் பட்டனுக்கென்று தனி ஏரியா, தனி செர்வோ குணம் எல்லாம் வைக்க இடமிருக்கிறது. சோனியில் ‘ரீகால் கஸ்டம் ஹோல்ட்’. இது ஃபோகஸ் ஏரியா மட்டுமல்ல, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, டிரைவ் என்று ஒரு கட்டாகவே பதிந்து வைத்துக்கொள்ளும், அழுத்தியிருக்கும்வரை அந்தக் கட்டு அமலில் இருக்கும். உட்கார்ந்த பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு, பறந்தால் 3200-இல் ஒரு பங்கு என்று விரலை வைத்தே மாறிவிடலாம். நிக்கானின் ‘ரீகால் ஷூட்டிங் ஃபங்ஷன்ஸ்’ இதே குடும்பம்.

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிடுங்கள். மேசையில் ஒரு பாட்டில், அதற்குப் பின்னால் சுவரில் காலண்டர். சிறிய புள்ளியைப் பாட்டிலில் வைத்து ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு, விடாமல் கட்டைவிரலையும் அழுத்துங்கள். பிறகு தலைகீழாக, முதலில் கட்டைவிரல், பிறகு ஷட்டர். இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது எந்தப் பட்டனின் ஏரியா ஜெயிக்கிறது என்பது பாடிக்குப் பாடி வேறுபடலாம். மீன்கொத்தி முன்னால் நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பது நல்ல நேரமல்ல.

இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி, கேமராவை யாரிடம் கொடுத்தாலும் ஷட்டரை அழுத்தினால் ஃபோகஸ் வரும். குறை, ஃபோகஸை நிறுத்தும் வசதி இதில் இல்லை. குச்சியில் பிடித்து வைத்துக் காத்திருக்கும் வேலைக்கு இது ஒத்துவராது, ஷட்டரைத் தொட்டதும் மறுபடி தேடும். பஞ்சுருட்டான்தான் உங்கள் விருப்பம் என்றால் முந்தையதற்கே போங்கள். அதோடு ஏஎஃப்-ஆனுக்குப் பக்கத்துப் பட்டனில், கேனானில் நட்சத்திரக் குறி, சோனியில் ஏஇஎல் (வெளிச்ச அளவைப் பூட்டும் பட்டன்), இரண்டாவது ஏரியாவை வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரில் ஃபோகஸே இல்லாமல், பின்னால் இரண்டு பட்டனில் இரண்டு விதம். பறவை மட்டுமே எடுக்கும் பலர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். கட்டைவிரல் இரண்டு பட்டனுக்கும் நடுவே தடவித் தேடாமல் தாவப் பழக வேண்டும்.

ஷட்டரில் ஃபோகஸ், பட்டனில் நிறுத்தம்

அதிகம் பேசப்படாத வழி. ஃபோகஸை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பின்பக்கப் பட்டனை நிறுத்தப் பயன்படுத்துவது. கேனானில் ‘ஏஎஃப் ஸ்டாப்’, சோனியில் ‘ஃபோகஸ் ஹோல்ட்’, நிக்கானிலும் ஃபியூஜியிலும் ஏஎஃப் லாக். பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸ் நின்ற இடத்தில் நிற்கும், விட்டால் மறுபடி ஓடும்.

கல்யாணத்துக்கு நான் சொல்வது இதுதான். முகூர்த்தத்தின் மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி ஏஎஃப்-சியும் கண் கண்டறிதலும் தானாகப் பார்த்துக்கொள்ளும். நிறுத்தம் தேவைப்படுவது சில நிமிடங்கள்: அட்சதை, ஓமப்புகை, ஆரத்தித் தட்டு லென்ஸுக்கு முன்னால் சுற்றும்போது. எப்போதாவது தேவைப்படும் வேலைக்காக எப்போதும் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருப்பதைவிட, தேவைப்படும்போது மட்டும் அழுத்துவது சுலபம். பறவைக்காரர்களுக்கு நிலைமை தலைகீழ், அவர்கள் காத்திருப்பதே வேலை.

சோனியில் இதற்கு இன்னும் நல்ல ஒரு வடிவம் இருக்கிறது: ‘ஏஎஃப் எம்எஃப் செலக்டர் டாகிள்’. ஒருமுறை தட்டினால் கேமரா மேனுவலுக்குப் போய்விடும், மறுமுறை தட்டினால் திரும்பி வரும். விரலை வைத்திருக்க வேண்டாம். ஃபியூஜி எக்ஸ்-டி வரிசையில் முன்பக்கம் இருக்கும் எம், எஸ், சி சுவிட்சை எம்-இல் திருப்பிவைத்தாலும் பின்பட்டனால் ஒரு தட்டில் ஃபோகஸ் பிடித்துக்கொள்ளலாம், பிறகு தானாக நகராது. மேடையில் வரிசையாக வந்து மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் படத்துக்கு நிற்கும் உறவினர் கூட்டத்துக்கு இது கச்சிதம். எஃப் 5.6, ஒருமுறை ஃபோகஸ், நிறுத்தம், பிறகு கூட்டம் மாறமாற எடுத்துக்கொண்டே போகலாம். டாகிளின் ஆபத்தும் அங்கேதான்: நீங்கள் இரண்டடி முன்னால் நகர்ந்துவிட்டு மறுபடி தட்ட மறந்தால் அத்தனை படமும் போச்சு. மறதிக்காரர்கள் டாகிளை விட்டுவிட்டு அழுத்திப் பிடிக்கும் வகையை வைத்துக்கொள்வது நல்லது.

மீதிப் பட்டன்கள்

ஃபோகஸ் யாருக்கு என்று முடிவானதும் மற்றவை எளிது. இடது கை சும்மா இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சோனி 200-600-இன் உடலைச் சுற்றி மூன்று ஃபோகஸ் ஹோல்ட் பட்டன்கள் உண்டு. நிக்கானின் பல இசட் லென்ஸ்களில் எல்-எஃப்என் என்ற பட்டன். அவற்றுக்கு ஃபோகஸ் ஏரியாவைக் கொடுத்தால் வலது கட்டைவிரலின் சுமை பாதியாகும்.

நிக்கானில் முன்பக்கம் மவுன்ட்டை (லென்ஸ் மாட்டும் வாயை) ஒட்டி இருக்கும் எஃப்என் பட்டன்கள் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் எட்டும். கண்டறிய வேண்டியது மனிதரா, விலங்கா, பறவையா என்று மாற்றும் வேலையை அங்கே வைக்கலாம். பறவை எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நரி எட்டிப்பார்த்தால் கைகொடுக்கும்.

சிவப்புப் புள்ளி போட்ட வீடியோ பட்டன் ஸ்டில் எடுப்பவருக்குத் தொல்லைதான், கைதவறி அழுந்தும். பாடி அனுமதித்தால் அதை ஐஎஸ்ஓ-வுக்குக் கொடுத்துவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கின் நடு அழுத்தம் புள்ளியை மையத்துக்குத் திரும்பக் கொண்டுவர.

ஃபோகஸ் வளையத்தையும் பார்த்துவிடுங்கள். மிக அருகில் பறவை இருக்கும்போது லென்ஸ் தூரத்துப் பின்னணியில் நின்றால் சில நேரம் கேமரா முன்னால் இருப்பதையே பார்க்காது. கட்டைவிரலை எடுத்து, வளையத்தைச் சற்றுத் திருப்பி அருகே கொண்டுவந்து, மறுபடி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏஎஃப் மோடில் வளையம் வேலைசெய்ய சில பாடிகளில் மெனுவில் அனுமதி கொடுக்க வேண்டும். கேனானில் ‘லென்ஸ் எலக்ட்ரானிக் எம்எஃப்’, சோனியின் புதிய பாடிகளில் ‘ஃபுல் டைம் டிஎம்எஃப்’.

இரண்டு பாடி வைத்திருப்பவர்கள் இரண்டிலும் ஒரே அமைப்பை வைப்பது அவசியம். ஒன்றில் பேக் பட்டன், இன்னொன்றில் ஷட்டர் என்று இருந்தால் விரல் எந்நாளும் பழகாது. காசு வாங்கிய நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் எதையும் மாற்றக் கூடாது. முடிவான அமைப்பைக் கார்டில் சேமித்து, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கேனான், சோனி, நிக்கான் மூன்றின் பல பாடிகளிலும் அதற்கு மெனு உண்டு. ஒருமுறை ரீசெட் ஆனால் அத்தனை பட்டனையும் நினைவிலிருந்து திரும்ப அமைப்பது பெரிய வேலை.

இன்னும் பாடி வாங்காதவர்கள் விலைப்பட்டியலோடு பின்பக்கப் படத்தையும் பாருங்கள். கேனான் ஆர்10, ஆர்7, சோனி ஏ6700 போன்றவற்றில் ஏஎஃப்-ஆன் என்று தனிப் பட்டனே இருக்கிறது. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, இசட்எஃப் ஆகியவற்றில் அந்தப் பெயரில் பட்டன் இல்லை. நிக்கான் இரண்டிலும் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம், கொடுத்தால் பூட்டும் வேலைக்கு வேறு பட்டன் தேட வேண்டும். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு பார்க்காமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் பெரிய லென்ஸை மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை ஏஎஃப்-ஆனில் அழுத்தியபடியே ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.